தடியான பாதி

கடவுள் துணை.

பதினாறாம் தேதி, காலைப் பிரார்த்தனை முடிந்த பிறகு.

அன்புள்ள தங்கச்சிக்கு, மூன்று வருஷத்தில் என் கையெழுத்தை நீ மறந்திருக்கக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் வீட்டுக்காரருக்கு அண்ணி, உனக்கு ஓரகத்தி, எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம், அங்கேயும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் மேலே கடவுள் பெயரை எழுதிவிட்டு அதற்கு அடுத்த வரியிலேயே பொய் எழுதக் கை வரவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன் என்பது உண்மை. நான் சுகமாக இல்லை. என் இடது கால் ஆறு வாரமாக மாவுக்கட்டில் இருக்கிறது. அதற்குக் காரணம் மாமாவின் புத்தகம். அதாவது மாமாவின் புத்தகத்தில் என் பங்குக்கு வந்த பாதி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பரணில் இருக்கிற பாத்திரங்களை வருஷத்துக்கு இரண்டு தடவை நான் எண்ணிப் பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியும். (நீங்கள் தனிக்குடித்தனம் போன பிறகு எண்ணியபோதும் எதுவும் குறையவில்லை என்பதை இங்கே நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.) ஏறி நிற்கிற முக்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டில் அந்த உயரத்துக்குச் சரியாக இருந்தது அந்தப் பாதிப் புத்தகம்தான். மூன்று வருஷமாக அது அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது, குறையில்லாமல். அன்றைக்கு நான் பதினேழாவது பாத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது காலிகோ அட்டை வழுக்கி, புத்தகம் ஒரு பக்கம், முக்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆறு வாரம் அசையக் கூடாதும்மா,” என்றார். “பரணில் பாதிதான் எண்ணியிருக்கேன் டாக்டர்,” என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

படுக்கையில் மூன்றாம் நாளே பிரார்த்தனைப் புத்தகத்தை இரண்டு தடவை முடித்தாயிற்று. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் விடவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மிச்சப் படிப்பெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் படித்தது, அதனால் எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் விடமாட்டேன் என்பதை நீயே கேலி செய்திருக்கிறாய். நான் புலம்புகிற புலம்பல் தாங்காமல் இவர் முக்காலிக்கு அடியில் கிடந்ததைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மடியில் போட்டார். “இதைப் படி. உன் காலை வாரிவிட்டது இதுதானே, அப்படி என்னதான் சொல்லுதுன்னு பாரு.”

தங்கச்சி, இப்போது நான் சொல்லப்போவதைக் கோபித்துக்கொள்ளாமல் கேள். மாமா அந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்தவர், பெரிய படைப்பு என்று ஊரெல்லாம் சொல்கிறார்களாம், இருக்கட்டும். ஆனால் இப்படி மரியாதை தெரியாத ஒரு ஆசிரியரை நான் பார்த்ததில்லை. முதல் வரியே, “அன்றும் அவள் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.” அவள் என்றால் எவள்? அன்றும் என்றால் அதற்கு முன்னால் என்றைக்கு? ஒருவர் வீட்டுக்குள் கூப்பிட்டால், இவர் இன்னார், இவருக்கு அவர் இன்ன உறவு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? பந்தியில் பாதியில் கொண்டுபோய் உட்கார வைத்த மாதிரி இருந்தது. முப்பது பக்கம் போன பிறகுதான் அந்த வீட்டில் ஒரு வாத்தியார் இருக்கிறார், அவள் அவர் தங்கை, இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை என்பதே பிடிபட்டது. ஏன் பேசுவதில்லை? சொல்லமாட்டார். தினமும் டீ போட்டு இரண்டு கோப்பை வைக்கிறாளே, வாத்தியார் டீயே குடிப்பதில்லையே, இரண்டாவது கோப்பை யாருக்கு? சொல்லமாட்டார். எல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்கிற மாதிரி அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகிறார்.

எனக்குக் கணக்கு வைக்காமல் எதுவும் செய்ய வராது. அதனால் புத்தகத்தை இரண்டாக்கிய பைண்டர் ஓரம் வெட்டும்போது மேலே இருந்த பக்க எண்களையும் சேர்த்து வெட்டியிருப்பதைப் பார்த்ததுமே பென்சிலை எடுத்து, ஒன்றிலிருந்து நானூற்று முப்பத்தெட்டு வரை நானே பக்க எண் போட்டுவிட்டேன். பிறகு ஒரு நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதினேன். டீ குடித்தது நூற்று நாற்பத்து மூன்று தடவை. ஜன்னல் வழியாகப் பார்த்தது அறுபத்தெட்டு. மழை பத்தொன்பது. பெருமூச்சு இருநூறோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில் வாத்தியார் ஒரு குடையைத் தொலைக்கிறார், முந்நூற்று ஒன்றாம் பக்கத்தில் அது கதவுக்குப் பின்னால் கிடைக்கிறது, அதற்குள் எனக்குக் கட்டு ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. கல்யாணம் இல்லை. திருட்டு இல்லை. சாவு ஒன்றே ஒன்று, அதுவும் பூனை. பூனைக்குப் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார். மாமா போனபோது பேப்பரில் நாம் போட்டதே நாலு வரி.

சரி, அவ்வளவு திட்டுகிறவள் மூடி வைக்க வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். அங்கேதான் சிக்கல். ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு பக்கம் என்று திட்டிக்கொண்டே படித்தேன். இருநூற்றுச் சொச்சம் வந்தபோது திட்டுவது எப்போது நின்றது என்று தெரியவில்லை. காலையில் பிரார்த்தனையில் வழக்கமாக நம் வீட்டு ஆட்கள் எல்லோரையும் வரிசையாகச் சொல்லி வேண்டுவேன் அல்லவா, ஒருநாள் இவருக்கு அப்புறம், பிள்ளைகளுக்கு முன்னால், அந்த வாத்தியார் தங்கையும் வரிசையில் வந்துவிட்டாள். பாதியில் நிறுத்துவதா, இல்லாத ஒருத்திக்காக வேண்டுவது பாவமா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்றாம் பக்கத்தில் ஒருநாள் அவள் ஒரே ஒரு கோப்பையைத்தான் எடுத்து வைக்கிறாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு உள்ளே போய் இரண்டாவதையும் எடுத்து, கழுவி, துடைத்துக் கொண்டுவந்து வைக்கிறாள். இவ்வளவுதான். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுகிறேன். வேலை முடிந்து வந்த இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

“என்ன ஆச்சு? யாரு செத்தா?”

“யாரும் சாகலை. அந்தம்மா ரெண்டாவது கோப்பையை எடுத்து வச்சுட்டாங்க.”

“எந்தம்மா?”

“வாத்தியார் தங்கச்சி.”

“எந்த வாத்தியாரு?”

“உங்களுக்குச் சொன்னா புரியாது. அதுக்கு முன்னாடி இருநூத்துத் தொண்ணூறு பக்கம் இருக்கு.”

“கால்ல கட்டுப் போட்டா தலைக்கு ஏறும்னு டாக்டர் சொல்லலையே,” என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்கு டீ அவர்தான் போட்டார். இரண்டு கோப்பை வைத்தார். அதற்கும் ஒரு மூச்சு அழுதேன்.

இந்தப் புத்தகம் என்னை என்ன செய்திருக்கிறது என்றால், படுத்த இடத்திலிருந்து தெரிகிற ஒரே ஜன்னலில் எதிர்க் கட்டடத்துத் தையல்காரர் தெரிகிறார். பதினெட்டு வருஷமாக அவர் அங்கேதான் இருக்கிறார். துணி கொடுத்திருக்கிறேன், வாங்கியிருக்கிறேன், அளவு தப்பென்று சண்டை போட்டிருக்கிறேன். அவர் ஒவ்வொரு தடவை ஊசியில் நூல் கோத்த பிறகும் ஒரு நிமிஷம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. யாரை எதிர்பார்க்கிறார்? தெரியாது. முன்னே என்றால் வேலை வணங்காத ஆள் என்று சொல்லியிருப்பேன். எத்தனை பேரை அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணப் போய், அந்தக் கணக்கு நல்லபடியாக முடியாது என்று தெரிந்து பாதியில் விட்டுவிட்டேன். அந்த வரிசையில் முதல் ஆள் நீ.

மத்தியானம் ஒரு மணி ஆனால் நீ மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். நான்கு மணிக்குத்தான் வெளியே வருவாய். உள்ளே முணுமுணுவென்று பேச்சுக் கேட்கும். “பாத்திரச் சத்தம் மாமாவுக்கு ஆகலைக்கா,” என்று சொன்னாய். அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது நான். அவருக்குக் கண் பார்வை போய்விட்டது, உடம்பும் விழுந்துவிட்டது, இந்த நேரத்தில் சின்னவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து என்ன ஓதுகிறாள் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அப்புறம் அவர் போய் இரண்டு மாதம்கூட ஆகாமல் கூடத்தில் சாமான்களைப் பரப்பிப் பங்கு வைத்தோமே, அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கிறது. இவர் உன்னைப் பார்த்து, “நீயும் ஏதாவது கேளும்மா,” என்றார்.

“எனக்கு ஒண்ணும் வேணாம் அத்தான். மாமாவோட அந்தப் புஸ்தகம் மட்டும் போதும்.”

ஒன்றும் வேண்டாம் என்கிறவள் கேட்கிற ஒன்றில்தான் எல்லாம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே ஏதோ பத்திரம் இருக்கிறது, மாமா ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறார். “எனக்கும் அதுதான் வேணும்,” என்றேன். உன் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “அண்ணி கதை படிக்கப் போறாங்களா? அப்ப ரெண்டா வெட்டிக்க வேண்டியதுதான்.” அது வேடிக்கைக்குச் சொன்னது. நான்தான், “வெட்டுங்க,” என்றேன். அந்த ஒரு சொல்லை நான் எந்தப் பிரார்த்தனையில் கொண்டுபோய்க் கரைப்பது என்று மூன்று வருஷமாகத் தெரியவில்லை. பைண்டர் அதை நடுவில் அறுத்து, இரண்டுக்கும் ஒரே நீலக் காலிகோவில் அட்டை போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்று நூலளவு கூடுதல் தடிமன். மூத்தவள் என்கிற உரிமையில் தடியானதை நான் எடுத்துக்கொண்டேன். நீ வாயைத் திறந்து, “அக்கா, அது...” என்றாய். “எடுத்தது எடுத்ததுதான்,” என்றேன். நீ வாயை மூடிக்கொண்டாய். அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டுக்குள் கொண்டுபோய் ஒவ்வொரு தாளாக உதறிப் பார்த்தேன். ஒரு பத்திரமும் இல்லை. பிறகுதான் அதை முக்காலிக்குக் கொடுத்தேன்.

என் பக்கம் மட்டும்தான் தப்பு என்று நான் எழுதமாட்டேன். நீயும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் நான் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசி, மறுநாள் வெட்கப்பட்டு, மூன்றாம் நாள் டீயோடு வந்திருப்பேன். பேசாமல் போனவளிடம் நான் எந்த வாசலில் வந்து நிற்பது? ஆனால் ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் பேசாமல் இருப்பதை நானூற்று முப்பத்தெட்டு பக்கம் படித்த பிறகு, எனக்கு அந்த ரோஷமும் நமத்துப்போய்விட்டது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். தம்பிக்கு வேலை மாற்றலாகி இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி நீங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு வெகுதூரம் போகிறீர்கள் என்று இவர் சொன்னார். இன்றோடு இன்னும் பன்னிரண்டு நாள். சாமான் கட்டும்போது உன்னிடம் உள்ள இரண்டாம் பாதி எந்தப் பெட்டியின் அடியிலாவது போய்விடப் போகிறது. என்னுடைய பாதி எந்த இடத்தில் நிற்கிறது தெரியுமா? கடைசிப் பக்கத்தில் அந்தத் தங்கை வாசலுக்குப் போகிறாள். வெளியே யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. “அவள் தாழ்ப்பாளை எடுத்தாள்.” அவ்வளவுதான், அந்த இடத்தில் பைண்டர் கத்தியை வைத்திருக்கிறார், பாவி மனுஷன். வெளியே நிற்பது யார், இரண்டாவது கோப்பை யாருக்கு, அண்ணனும் தங்கையும் பேசினார்களா இல்லையா எல்லாம் உன் பாதியில் இருக்கிறது. தயவுசெய்து அதை நல்ல காகிதத்தில் சுற்றிப் பார்சலில் அனுப்பிவை. ஒரு மாதத்தில் படித்துவிட்டு நீ போகிற இடத்துக்கே திருப்பி அனுப்புகிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். அல்லது உனக்குச் சம்மதம் என்றால் பைண்டரை விட்டு இரண்டையும் சேர்த்து ஒன்றாகத் தைத்து இங்கேயே வைத்துவிடலாம். என் வீட்டில் கண்ணாடி அலமாரி இருக்கிறது, பூச்சி வராது. யோசித்துச் சொல். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். இரண்டு தடவை எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

தம்பிக்கு என் அன்பு. பிள்ளைகள் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறார்கள் என்று தெரியாததால் மூன்று வருஷத்துக்கு முந்தைய உயரத்துக்கே ஆசீர்வாதம் அனுப்புகிறேன், மேலே உள்ளதற்கு நீ சேர்த்துக் கொடு. போகிற ஊரில் நல்ல தண்ணீரும் நல்ல அக்கம்பக்கமும் அமையக் கடவுளை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா (நீ அப்படிக் கூப்பிட்டது உண்டு).

பின்குறிப்பு: உறையை ஒட்டவில்லை, நல்லவேளை. மேலே எழுதியதில் என் உடைந்த காலைத் தவிர எல்லாம் தப்பு.

இரண்டு பாதியையும் சேர்த்துத் தைக்க முடியுமா என்று விசாரிக்க அதே பைண்டரை இன்று மத்தியானம் வரவழைத்தேன். வந்தவர் புத்தகத்தைப் புரட்டினார்.

“இது எந்தப் பாதிம்மா?”

“முதல் பாதி.”

“முதல் பாதின்னா பேரு போட்ட தாள் முன்னால இருக்கணுமே. அதை நான் வெட்டலையே.”

“பக்க நம்பர் பாருங்க, ஒண்ணுல தொடங்குது.”

“இது பென்சில்ல இல்ல இருக்கு? யாரு போட்டது?”

“நான்தான்.”

“அழகா போட்டிருக்கீங்க,” என்றார். அப்புறம் பின் அட்டையைத் திருப்பி, “கடைசித் தாள் ஒண்ணை அட்டையோட சேர்த்து ஒட்டிருப்பேன், பலத்துக்கு. அதைப் பார்த்தா தெரிஞ்சிரும்,” என்று ஒரு ஈரத் துணியை வாங்கி, அதன் மேல் வைத்து, ஊறவிட்டு, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். நடுவில் பெரிய எழுத்தில் “முற்றும்” என்று இருந்தது.

ஆக, நான் ஒன்று என்று எண் போட்ட பக்கம் நானூற்றுச் சொச்சமாவது பக்கம். தாழ்ப்பாளை எடுப்பதோடு கதையே முடிந்துவிட்டது. அந்த ஆசிரியர் மரியாதையாக எல்லோரையும் அறிமுகப்படுத்தி, ஏன் பேசவில்லை, கோப்பை யாருக்கு என்று எல்லாம் உன் பாதியில் நிதானமாகச் சொல்லியிருப்பார். அவரைத் திட்டிய வரிகளை அடித்துவிடப் பார்த்தேன், கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டேன். “அக்கா, அது...” என்று நீ அன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தானே? அது பின்பாதி, முன்பாதியை முதலில் எடுங்கள் என்றுதானே?

“முற்றும்” என்பதற்குக் கீழே மாமா கையெழுத்தில் நாலு தேதி இருக்கிறது. ஒவ்வொரு தடவை படித்து முடித்த தேதி. முதல் மூன்றும் திருத்தமான எழுத்து. நாலாவது கண் தெரியாமல் எழுதியது, வரி கோணிக்கொண்டு ஓரத்துக்கே போயிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: “நாலாம் முறை. சின்ன மருமகள் வாசிக்கக் கேட்டு முடித்தேன். பெரிய மருமகளையும் கூப்பிட்டிருக்கலாம். வேலையாக இருந்தாள்.”

பைண்டர் போய்விட்டார். நான் இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் தேடிய பத்திரம் இதுதான் போலிருக்கிறது. அத்தனை தாளையும் உதறினேன், ஒட்டிய தாள் எப்படி உதிரும்? நீ உள்ளே ஓதிக்கொண்டிருந்தது வாத்தியார் கதையை. வெளியே நான் ஓங்கி ஓங்கிப் பாத்திரத்தைத் தேய்த்ததில் உன் குரல் அவருக்குக் கேட்காமல் எத்தனை வரி போயிற்றோ.

அதனால் பார்சல் வேண்டாம். ரசீதும் வேண்டாம். கண்ணாடி அலமாரியும் வேண்டாம், தைத்தால் புத்தகம் உன்னுடையது. பத்தொன்பதாம் தேதி எனக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள், ஆனால் உள்ளூர்தானே, இதை இன்றைக்கே இவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே நீ வரலாம், வாசல் தாழ்ப்பாளைப் போடவேண்டாம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். உன் பாதியை எடுத்துக்கொண்டு வா. மத்தியானம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும். நீ வாசி, நான் கேட்கிறேன். பாத்திரம் அப்புறம் தேய்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கோப்பை யாருக்கு என்று மட்டும் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிடாதே, அது வருகிற இடத்தில் வரட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு மத்தியானத்துக்கு இருபது பக்கம் வைத்தாலும் உன் பாதிக்கு இருபது நாள் ஆகும். நீங்கள் கிளம்புவதற்கு இருப்பது பன்னிரண்டு. எட்டு நாள் மிச்சம் நிற்கும், அதற்காக நீ இன்னொரு தடவை வந்துதான் ஆகவேண்டும். ஆகையால் எந்த வரியையும் தாண்டாதே. உன் பாதியிலும் பூனை வந்தால் அதையும் விடாதே. மெதுவாகவே வாசி.